தழும்பில்லாத வயிறு

நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த ஆஸ்பத்திரி கேண்டீனில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறதாம். டாக்டரம்மாவுக்கு டேப் என்றாலே ஆகாது, கையில் எடுக்கும்போதே திட்டிக்கொண்டுதான் எடுப்பார் என்று. திட்டினேன் என்பது வாஸ்தவம். நான் எதைத்தான் திட்டாமல் எடுத்திருக்கிறேன்? ஆனால் எனக்கு ஆகாது என்பது சுத்தப் பொய். நோயாளியின் விவரமெல்லாம் காட்டுகிற அந்தத் தொடுதிரை டேப்புகள் பெட்டியில் வந்து இறங்கிய அன்று அதிகம் சந்தோஷப்பட்டவளே நான்தான்.

புதிதாக டாக்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு அதற்கு முந்தைய லட்சணம் தெரியாது. நோயாளி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டில்மேல் கவிழ்ப்பார். உள்ளேயிருந்து கசங்கின சீட்டு, பாதி கிழிந்த ஸ்கேன் ரிப்போர்ட், யாருடையது என்றே தெரியாத ஒரு எக்ஸ்ரே எல்லாம் விழும். எந்த மாத்திரையை யார் எப்போது எழுதினார் என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வோம். டேப் வந்த பிறகு கட்டில் பக்கத்தில் நின்றபடியே ரத்தப் பரிசோதனை, பழைய ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிடலாம். அதனாலேயே பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

அதனால் இதை டேப் மீதான புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலார் தங்கவயலில் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்ததைச் சொல்கிறேன். 

அந்த ஆஸ்பத்திரியில் நான் பிரசவ டாக்டர். என் வார்டு மாடியில். அன்று காலை லேபர் வார்டு டேப்பின் சார்ஜரை எவரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கீழே அவசரப் பிரிவில் இருக்கிறது என்று தெரிந்ததும் சண்டை போடுவதற்கென்றே இறங்கிப் போனேன். கவனியுங்கள், நான் அங்கே எந்த நோயாளியையும் பார்க்கப் போகவில்லை. சார்ஜருக்காகப் போனேன். 

அங்கே கட்டிலில் ஒரு பெண் ஒருக்களித்துச் சுருண்டு படுத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தலைமாட்டில் அவளைவிட மூத்த ஒரு பெண், தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலின் அந்தப் பக்கம் டாக்டர் கிரண், கையில் டேப்போடு. கிரண் பெங்களூர்ப் பையன். அப்போதுதான் படிப்பு முடித்து எங்களிடம் வந்திருந்தான். நல்ல பிள்ளை. நோயாளியின் பழைய விவரம் முழுவதையும் படிக்காமல் மருந்து எழுத மாட்டான். எங்களில் பலர் மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் போகிற பக்கங்களைக்கூட அவன் நின்று படிப்பான்.

என்னைப் பார்த்ததும் சிரித்தான். வயிற்று வலி, வாந்தி, குடல்வாலாக இருக்கலாம், சர்ஜனுக்குச் சொல்லியிருக்கிறேன், இரண்டு ஆபரேஷன் முடித்துவிட்டு வருகிறாராம் என்று விவரம் சொன்னான். பிறகு, "உங்க கேஸ் இல்ல மேடம். இவங்களுக்கு கர்ப்பப்பை எடுத்து வருஷக்கணக்காச்சு" என்றான்.

சரிதான் என்று நான் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போது அந்தப் பெண் யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி, "தோளு வலிக்குதுங்க" என்றாள்.

வயிற்று வலிக்காக வந்தவள் தோள் வலிக்கிறது என்றால் நம்மைப் போன்றவர்களுக்குக் கால் தானாக நின்றுவிடும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே தேங்கினால் அந்த வலி தோளில் வந்து தெரியும். கிரணும் அதைக் கேட்டிருந்தான். தண்ணீர்க் குடம் தூக்கினாளாம், தசைப் பிடிப்பு என்று டேப்பில் ஏற்றியும் வைத்திருந்தான்.

நான் போய் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. நாடி ஓட்டமாக ஓடியது, ஆனால் விரலுக்குச் சரியாக அகப்படவில்லை. நெற்றி ஈரமாக இருந்தது. வயிற்றைப் பார்த்தாயா என்று கிரணிடம் கேட்டேன். அழுத்திப் பார்த்தேன் மேடம் என்றான். புடவையை விலக்கியா என்றேன். குனிந்து டேப்பைப் பார்த்தான். கூச்சம். வாலிபப் பையன், எதிரே அவள் வீட்டு மனுஷி நிற்கிறாள், புடவைக்கு மேலாகவே அழுத்திப் பார்த்திருக்கிறான். ஆபரேஷன் விவரம்தான் கையிலேயே இருக்கிறதே, வயிற்றைத் திறந்து வேறு பார்ப்பானேன் என்று நினைத்திருப்பான்.

திரைச்சீலையை இழுக்கச் சொல்லிவிட்டு நான் புடவையை விலக்கினேன். கிரணின் டேப்பை இடது கையில் வாங்கிக்கொண்டேன். நடுவயிற்றில் மேலிருந்து கீழாகக் கீறி, கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று அதில் தெளிவாக இருந்தது. ஆபரேஷன் செய்த ஊர், தையலின் வகை, எல்லாம் இருந்தது.

அந்த வயிற்றில் ஒரு நகக்கீறல்கூட இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் என் புத்தி வேலை செய்யவில்லை. எத்தனையோ வயிறுகளைத் திறந்து மூடியவள் நான். வயிற்றுத் தழும்பு எவ்வளவு ஆறினாலும் என் விரலுக்குத் தெரியும். விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. வேறு ஆளின் பக்கத்தைத் திறந்துவிட்டானோ என்று பெயரைப் பார்த்தேன். கஸ்தூரி. அவளிடமும் பெயர் கேட்டேன். கஸ்தூரி என்றாள். ரிசப்ஷனில் கார்டு நம்பரைப் போட்டு, போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தது, வயிறு ஒன்றைத் தவிர.

பிறகு டேப்பின் மூலையில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய போட்டோ. நிமிர்ந்து தலைமாட்டில் நின்ற பெண்ணைப் பார்த்தேன். மறுபடி போட்டோவைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். தோள்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

இந்த ஊரைப் பற்றி உங்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஷாஃப்டுக்குள் இறங்குகிற ஆளின் நம்பரைச் சொன்னால் போதும், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வைத்தியம் நடக்கும். நானே என் அப்பாவின் நம்பரில் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவள்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவனும் அந்த நம்பரில் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிடுவான். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. சுரங்கத்தை மூடினார்கள், நம்பர் போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்றைக்கு ஒரு வீட்டில் ஒருவருக்குப் பெங்களூர்க் கம்பெனியில் மருத்துவக் கார்டு கிடைத்தால், அது வீட்டுக்குக் கிடைத்த கார்டு. அக்கா கார்டில் தங்கை படுப்பாள். அண்ணன் கார்டில் தம்பி கண்ணுக்கு மருந்து வாங்குவான். அந்தக் காலத்துச் சீட்டில் காய்ச்சல் என்று மட்டும்தான் எழுதுவார்கள், கெடுதல் இல்லை. இந்த டேப் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதுவும் தவறான ஆளின் பேரில்.

அந்தக் கட்டில் பக்கத்தில் எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏமாற்றுக்காரிகளா, கூப்பிடு மேனேஜரை என்று கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கத்தியிருந்தால் இருவரும் எழுந்து ஓடியிருப்பார்கள். தலைமாட்டில் நின்றவள்தான் நிஜக் கஸ்தூரி, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். கார்டை வேறு ஆளுக்குக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று அவள் கம்பெனியில் எச்சரித்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கட்டிலில் கிடந்தவள் வழியிலேயே போய்ச் சேர்ந்திருப்பாள்.

டேப்பை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கார்டப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. அத நான் பாத்துக்கறேன். இவ யாருன்னு மட்டும் சொல்லு. நீ வாயத் தொறக்கலன்னா இவ நமக்கு இல்ல."

 கட்டிலில் இருந்தவள் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அந்த நிலையிலும் ஆட்டினாள்.

"எந்தங்கச்சிங்க டாக்டரம்மா" என்றாள் கஸ்தூரி. "பேரு பிரேமா. பேத்தமங்களாவுல குடுத்திருக்குது. நேத்துதான் வூட்டுக்கு வந்தா."

முழுகாமல் இருக்கிறாளா என்று கேட்டேன்.

"நாளு தள்ளிப் போயிருக்குதுங்க. கல்யாணமாயி இத்தினி வருஷத்துக்கு இப்பதான். யார்கிட்டயும் சொல்லாதக்கான்னு சொன்னா."

"இத ஏன்மா அந்த டாக்டர்கிட்ட சொல்லல?"

அவள் என்னை அதிசயமாகப் பார்த்தாள். இதுகூடப் புரியவில்லையா என்கிற பார்வை.

"எனக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்தாச்சே டாக்டரம்மா. அது அந்த டேப்புல இருக்குதுல்ல. நாளு தள்ளியிருக்குதுன்னு சொன்னா மாட்டிக்குவோமே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. யோசித்திருக்கிறார்கள். டேப்பில் இருக்கிற கதைக்கு ஏற்றபடி தங்கையின் உடம்பையே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போதே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆபரேஷன் ஆச்சா என்று கிரண் கேட்டபோது பிரேமா ஆமாம் என்றிருக்கிறாள். நோயாளியைக் காப்பாற்ற எங்களுக்குக் கொடுத்த கருவிக்குப் பயந்து, தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தையை அந்தப் பெண் விழுங்கிவிட்டுப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். அவசரப் பிரிவு நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் ஓடிப்போய்க் கர்ப்பப் பரிசோதனை செய்தாள். இருக்கிறது என்று வந்தது. அவசரத்தில் அதை அதே பக்கத்திலேயே ஏற்றிவிட்டாள். கிரண் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். மேலே கர்ப்பப்பை இல்லை. கீழே கர்ப்பம் உண்டு. டேப் இரண்டையும் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தது. ஒரு சிவப்பு எழுத்து இல்லை, ஒரு கேள்வி இல்லை. அதைப் பார்த்தபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

அவன் ஏற்கெனவே ரத்தத்துக்குப் போன் செய்திருந்தான், டேப்பில் இருந்த குரூப்பைச் சொல்லி. அது அக்காவின் குரூப். ஏற்றுவதற்கு முன்னால் நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள், தெரிந்துபோயிருக்கும், ஆனால் மறுபடி முதலிலிருந்து தேட நேரம் இருந்திருக்காது. புது ரத்தம் எடுத்துப் பார், அந்தப் பக்கத்தில் இருக்கிற எதையும் நம்பாதே என்று கத்தினேன். தங்கையின் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கஸ்தூரி தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். பிரேமாவின் புருஷனுக்குப் போன் போயிற்று. நாங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடினோம்.

கிரணும் கூடவே வந்தான், உதவி செய்கிறேன் என்று. நான் விடவில்லை. உனக்கு இங்கே வேலையில்லை, போய் அந்த அக்காகாரியின் பக்கத்தில் உட்கார், இவளுக்கு என்ன நோய் உண்டு, எது ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் வாயால் கேள் என்றேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. தண்டனை இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்தது ஒன்றுமே தெரியாத ஒரு உடம்பு. அவன் கேட்டுச் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

மயக்க மருந்து கொடுக்கிறவர் ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் கதவைத் தட்டி அவன் சொன்னான். பிரேமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா இழுப்பு உண்டு. அக்காவின் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. மயக்க மருந்துக்காரர் கையில் இருந்ததை வைத்துவிட்டு வேறு மருந்தை எடுத்தார்.

வயிற்றைத் திறந்தபோது ரத்தம்தான் இருந்தது. கரு தங்கக் கூடாத இடத்தில் தங்கி, கருக்குழாய் வெடித்திருந்தது. ஒரு பக்கக் குழாயை எடுத்தோம். இன்னொன்று நன்றாக இருந்தது. சர்ஜன் தன் ஆபரேஷனை முடித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்காகக் காத்திருந்தால் இவள் போயிருப்பாள் என்றார். நானும் சார்ஜரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருந்தால் என்று நினைத்தேன்.  

வெளியே வந்தேன். பெஞ்சில் கிரணும் கஸ்தூரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை பிழைத்தாள் என்றதும் கஸ்தூரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கிரண் எழுந்து, மேடம் இதைப் பாருங்கள் என்று டேப்பை நீட்டினான். கஸ்தூரியின் பேரில் இருப்பதில் எது அவளுடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறான். சர்க்கரை அளவின் கோடு வந்தது. ரொம்ப நாளாக உச்சத்தில் இருந்து, கம்பெனி செக்கப்பில் திடீரென்று இறங்கிச் சமமாகியிருந்தது. பக்கத்தில் பச்சையில், சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது என்று டேப் போட்டிருந்தது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவன் கேட்டிருக்கிறான். அவள் சொன்ன பதிலை என்னிடமும் சொன்னாள்.

"எனக்கு ஏதுங்க சக்கர. அது எங்கம்மாவுது. பொங்கலுக்கு முன்னாலதான் தவறிட்டாங்க."

நானும் கிரணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உச்சத்தில் இருந்தது அம்மாவின் ரத்தம், செக்கப்பில் கொடுத்தது மகளின் ரத்தம். நோயாளி செத்துப்போனதை எங்கள் டேப் குணமானதாகக் குறித்து வைத்திருந்தது. யாரோ ஒரு டாக்டர் அந்தப் பச்சையைப் பார்த்து, ரொம்ப நல்லது, இப்படியே இருங்கள் என்று கஸ்தூரியைப் பாராட்டியும் இருக்கிறார். அவளும் சரிங்க என்றிருக்கிறாள்.

அவள் வேலை என்ன ஆயிற்று என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருப்பீர்கள், சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. பிரேமாவுக்கு அவள் பெயரிலேயே புதுப் பக்கம் திறந்தோம், ஆபரேஷனை அக்கா கணக்கில் தள்ளவில்லை. ஏற்கெனவே கார்டில் பதிந்துவிட்டதே, அப்படியே போகட்டும் என்று மேனேஜர் இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் கேட் வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். செலவை ஆஸ்பத்திரியின் தர்ம நிதியில் போட வைத்தேன். இனி கார்டு உனக்கு மட்டும்தான் என்று கஸ்தூரியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஊர் தலையாட்டியதா என்று தெரியாது.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். டேப்பைப் படியுங்கள், கிரண் மாதிரி முழுதாகப் படியுங்கள். ஆனால் அதில் இருப்பவர்தானா கட்டிலில் இருப்பவர் என்பதை உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லை என்று தோன்றினால் போலீஸ்காரர் மாதிரி கேட்காதீர்கள். உண்மையைச் சொன்னால் வைத்தியம் கிடைக்காது என்று நம்புகிறவர், உயிர் போனாலும் சொல்ல மாட்டார். இதை நான் பெரிதுபடுத்திச் சொல்வதாக நினைத்தால், அன்று மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள்.

பிரேமாவுக்கு மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. கஸ்தூரியை உள்ளே விட்டிருந்தோம். நானும் கிரணும் கால்மாட்டில் நின்றோம். மயக்க மருந்துக்காரர் வழக்கம்போல் அவள் கன்னத்தைத் தட்டி, அம்மா, கண்ணைத் திற, உன் பேர் என்ன என்று கேட்டார்.

அவளுக்குக் கண் திறக்கவில்லை. நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னாள்.

"கஸ்தூரிங்க. எனக்கு... கர்ப்பப்பைய எடுத்தாச்சிங்க."

கிரண் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கஸ்தூரி கட்டிலில் அப்படியே சாய்ந்து தங்கையின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுண்டி. உன் பேரச் சொல்லுடி. நானே எல்லாத்தையும் சொல்லிட்டன், ஒண்ணும் ஆவாது."

பிரேமா கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், சொல்லலாமா என்று. நான் சொல்லும்மா என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஆயிற்று அவள் தன் பெயரைச் சொல்ல.